வார்த்த காசு, அடித்த காசு: ஏணிக் கதையும் இராமநாதபுரத்துக் கரையும்

பணத்தின் வரலாற்றை எழுத உட்காருகிறவர்கள் எல்லோரிடமும் ஓர் ஏணி இருக்கிறது. கீழ்ப்படியில் பண்டமாற்று. அதற்கு மேல் மாடு. பிறகு எடைபோட்டுத் தரும் உலோகக் கட்டி. பிறகு அச்சில் உருக்கி ஊற்றிய வெண்கலக் காசு. உச்சிப்படியில், இரண்டு அச்சுகளுக்கு நடுவே வில்லையை வைத்துச் சம்மட்டியால் அடித்தெடுத்த நாணயம்; அதன் முகத்தில் ஓர் அரசன். அரசன் வந்ததும் கதை முடிந்துவிடும். அதற்குப் பிறகு யார் எப்போது ஆண்டான் என்ற பட்டியல்தான்.

இந்த ஏணியை ரோமாபுரியிலிருந்து எடுத்து வந்து தமிழில் நட்டவர்கள் அதற்கு நம்மூர்க் கயிறும் கட்டிவிட்டார்கள். இலத்தீனில் பணத்தைக் குறிக்கும் 'பெக்குனியா' கால்நடையைக் குறிக்கும் 'பெக்குஸ்' என்பதிலிருந்து வந்தது. தமிழிலும் 'மாடு' என்றால் செல்வம். ஆகவே நாமும் அதே படியில் ஏறி வந்தவர்களே என்கிற வாதம் நாணயவியல் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதை வைத்துக்கொண்டு ஒரு பொருளாதாரக் கட்டத்தையே நிறுவிவிடுகிற துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும். 'பொருள்' என்ற சொல்லுக்கும் செல்வம், அர்த்தம், வஸ்து என்று மூன்று பொருள் உண்டு. அதை வைத்து என்ன கட்டத்தை நிறுவுவது?

ஏணியின் நான்காவது படியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்ளலாம். அடித்த காசுக்கு 'முந்தியது' வார்த்த காசு என்கிற அந்த 'முந்தி'. இது தொழில்நுட்பம் பற்றிய சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் எதைக் காசு என்று சேகரிக்கிறோம், எதை ஓட்டை உடைசல் என்று ஒதுக்குகிறோம், யாருடைய புழக்கத்தை வரலாறு என்கிறோம் என்பதெல்லாம் இந்தப் படியில்தான் தீர்மானமாகிறது. இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து பார்த்தால் இந்தப் படி ஆடுவது நன்றாகவே தெரிகிறது.

முதலில் ஏணி செய்யப்பட்ட ஊருக்கே போவோம். ரோமானியரிடம் வடிவமில்லாத வெண்கலத் துண்டுகள் எடைக்குப் புழங்கின. பிறகு சின்னம் பொறித்த செங்கல் போன்ற வார்ப்புக் கட்டிகள். பிறகு கி.மு. 280ஐ ஒட்டி வட்டமாக வார்த்த கனத்த காசுகள். 'ஆஸ்' எனப்பட்ட அந்த அலகு தொடக்கத்தில் ஏறக்குறைய ஒரு ரோமன் பவுண்டு, நம் கணக்கில் 320 கிராமுக்கு மேல். ஒரு புறம் இரண்டு முகத் தெய்வம் ஜானுஸ், மறுபுறம் கப்பலின் முன்பகுதி. கார்த்தேஜுடனான போர்களில் எடை குறைந்துகொண்டே வந்தது. கி.மு. 211ஐ ஒட்டி 'தெனாரியஸ்' வெள்ளிக்காசு வந்தபோது வெண்கலமும் அடிக்கப்பட ஆரம்பித்திருந்தது. பாடப்புத்தகத்தில் இது அழகான ஏணி. ஆனால் ரோமர்களின் பெயரைத் தாங்கிய அடித்த காசு இந்த வட்ட வார்ப்புக் காசுக்கு முன்பே இருக்கிறது. கி.மு. நான்காம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் நேப்பிள்ஸ் நகரில், கிரேக்க எழுத்தில், ரோமர்களுடையது என்று பொறித்து அடித்த சிறு வெண்கலக் காசுகள் அவை. தெற்கு இத்தாலியின் கிரேக்க நகரங்கள் அதற்கும் நெடுங்காலம் முன்பிருந்தே வெள்ளியை அடித்துக்கொண்டிருந்தன. ஆக, அடிக்கத் தெரியாததால் வார்த்தார்கள் என்ற கதை ரோமிலேயே நிற்கவில்லை. உள்நாட்டு இத்தாலியில் வெண்கலத்தின் எடையே மதிப்பு என்ற பழக்கம் இருந்தது. முந்நூறு கிராம் வெண்கலத்தை ஒரே அடியில் காசாக்க எந்தக் கையாலும் முடியாது. வார்ப்பது அந்தப் பழக்கத்துக்கு ஏற்ற வழி, அவ்வளவே.

சீனாவைப் பார்த்தால் ஏணி கீழே விழுந்துவிடுகிறது. மண்வெட்டி வடிவக் காசு, கத்தி வடிவக் காசு, சோழியைப் போலவே வெண்கலத்தில் வார்த்த காசு. பிறகு நடுவில் சதுரத் துளையிட்ட வட்டக்காசு. துளை எதற்கு? கயிற்றில் கோர்க்க. வார்ப்பு முடிந்ததும் சதுரக் கம்பியில் வரிசையாகச் செருகி விளிம்பை அராவவும் அதே துளைதான். இப்படி வார்த்தே இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் ஓட்டினார்கள். 1889இல் குவாங்தோங்கில் இயந்திரம் வந்த பிறகும் வார்ப்பு உடனே நின்றுவிடவில்லை. சோங் அரசின் காலத்தில், 1080ஐ ஒட்டி, ஆண்டுக்கு ஐம்பது லட்சம் கோவைக்கு மேல் வார்த்தார்கள். ஒரு கோவைக்குப் பேரளவில் ஆயிரம் காசு. அன்றைய உலகின் மிகப் பெரிய சந்தை 'நான்காம் படியில்' நின்றுகொண்டே நடந்திருக்கிறது. இதை 'முந்தைய கட்டம்' என்று எந்த வாயால் சொல்வது?

இன்னொன்று. அந்தச் சீனத்து வார்ப்புக் காசை ஐரோப்பிய மொழிகள் எப்படி அழைக்கின்றன? 'கேஷ்' என்று. நாணயவியல் நூல்களில் சீனத்துத் துளைக்காசுக்கு இன்றும் இதுவே பெயர். அந்தச் சொல் போர்த்துகீசியரின் வாய் வழியாகப் போன நம்முடைய 'காசு'. உலகத்தில் மிக அதிகமாக வார்க்கப்பட்ட காசு, அடித்த காசுகளின் கரையிலிருந்து போன ஒரு சொல்லால் வழங்குகிறது. இதைக் கேட்டதும் சிலருக்கு மார்பு விரியும் என்று தெரியும். விரிய வேண்டாம். சரக்கோடு சொல் கப்பலேறிப் போனது, அவ்வளவுதான். எதிர்த்திசையில் அந்தக் காசுகளும் வந்திருக்கின்றன. பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் தாலிக்கோட்டை, ஒலயக்குன்னம் முதலிய ஊர்களில் சீனச் செப்புக்காசுகள் புதையலாகக் கிடைத்தன. சோங் அரசு காசு ஏற்றுமதியைத் தடை செய்த பிறகும் அவை கடல் கடந்தன. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் நிறைய வந்தன. செம்பு அதிகம் கிடைக்காத நாடு இது. அதே காலத்தில் கோயில் கோயிலாக வெண்கலத் திருமேனிகள் வார்த்த நாடும் இதுவே. வந்த காசு காசாகவே இருந்திருக்கும் என்று யார் சொன்னது? 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் பட்டறை வைத்திருந்த ஆபிரகாம் பென் யிஜு என்ற யூத வணிகருக்கு ஏடனிலிருந்து உடைந்த பாத்திரங்களை அனுப்பி, உருக்கிப் புதுச் சாமானாக வார்த்துத் தரச் சொல்லி எழுதிய கடிதங்கள் கெய்ரோவின் கெனிசாத் தொகுப்பில் இருக்கின்றன. உலோகத்துக்கு நினைவு கிடையாது. வந்த உருவத்திலேயே இருந்துவிட வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை.

இந்தியாவில் வரிசை தலைகீழ். வெள்ளித் துண்டில் சின்னங்களைத் தனித்தனியாகக் குத்திய முத்திரைக் காசுகள்தான் முதலில். அதாவது அடித்ததே முந்தியது. எழுத்தில்லாத வார்ப்புச் செப்புக்காசுகள் பெரும்பாலும் கி.மு. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டியே பெருகுகின்றன. கௌசாம்பிப் பக்கத்தில் கிடைத்தவற்றில் இரண்டு காசுகள் ஒட்டியபடியே, நடுவில் உருக்கு ஓடிய வாய்க்காலின் காம்போடு இருப்பதுண்டு. வெட்டிப் பிரிக்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை. அதைவிட சுவாரசியமானது, முத்திரைக் காசையே நகலெடுத்து வார்ப்பதற்கான சுடுமண் அச்சுகள். தெலங்கானாவின் கொண்டாப்பூரிலும் மதுராவிலும் இவை கிடைத்தன. தாவரப் புதைபடிவ ஆய்வாளரான பீர்பல் சாஹ்னி 1936இல் ரோத்தக் அருகே கொக்ரகோட் மேட்டில் யௌதேயர் காசு வார்த்த அச்சுகள் ஆயிரக்கணக்கில் உடைந்து கிடப்பதைப் பார்த்தார். நடுவில் உருக்கு ஊற்றும் துளை, அதிலிருந்து எட்டுத் திசையிலும் ஓடும் வாய்க்கால், ஒவ்வொரு வாய்க்காலின் முடிவிலும் ஒரு காசு, இப்படித் தட்டுத் தட்டாக அடுக்கிக் களிமண் பூசி ஊற்றுவது. 1945இல் இதைப் பற்றி முழு நூலே எழுதினார். இலைகளின் நரம்பைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த வாய்க்கால் தெரிந்தது. அரசன் பெயரைத் தேடுகிற கண்ணுக்கு அது எளிதில் தெரிந்திருக்காது.

தமிழில் 'அச்சு' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் நிற்கிறது. அடிக்கிற அச்சும் அச்சு, ஊற்றுகிற அச்சும் அச்சு. அச்சு வெல்லம் ஊற்றியது. அச்சடித்த புத்தகம் அடித்தது. இடைக்காலக் கல்வெட்டுகளில் காசுக்கே அச்சு என்று பெயர் உண்டு. பிள்ளை 'அச்சு அசலாக' அப்பனைப் போல இருக்கிறான் என்றால், வார்த்ததா அடித்ததா என்று நாம் விசாரிப்பதில்லை. சொல்லை வைத்துக் கட்டம் கட்டுகிறவர்களை மேலே கேலி செய்துவிட்டு நானும் அதையே செய்கிறேனோ? இல்லை. மொழி பிரிக்காத ஒன்றை வரலாறு கட்டாயம் பிரித்தாக வேண்டும், அதையும் முந்தி பிந்தி என்று படியாக்க வேண்டும் என்கிற கட்டாயம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்கிறேன்.

*

சில வருடங்களுக்கு முன்னால் பாம்பன் பக்கம் ஒரு வீட்டு முற்றத்தில் பெரியவர் ஒருவர் வலைக்கு ஈயக்குண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். மூன்று கல் அடுப்பு, ஒரு பழைய இரும்புச் சட்டி, அதில் ஈயம். பக்கத்தில் அவரே குடைந்து செய்த அச்சு. ஊற்றுவார், ஆறவிடுவார், தட்டுவார், காம்பைக் கிள்ளிச் சட்டியிலேயே போடுவார். நான் புத்தகத்தில் படித்த 'வார்ப்புக் கட்டம்' கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது.

'பழைய ஈயத்துண்டு ஏதும் மண்ணுல கெடச்சா என்னங்கய்யா செய்வீங்க?' என்றேன்.

'என்ன செய்ய? உருக்கி ஊத்திர வேண்டியதுதான். வலைக்கு ஆகும்ல தம்பி.'

'அதுல எழுத்து கிழுத்து இருந்தா?'

'எழுத்தும் சேந்து உருகிரும்' என்றார். சிரிக்கவில்லை.

தமிழ் நாணயவியலுக்கு எதிராக இதைவிட நல்ல விமரிசனத்தை நான் படித்ததில்லை. சங்க காலத்தை ஒட்டிய ஈயக் காசுகள் தமிழ்நாட்டில் உண்டு. செங்கம் அருகே ஆண்டிப்பட்டியில் 1968இல் கிடைத்த தமிழ்ப் பிராமி எழுத்துள்ள ஈயக் காசுகள் புகழ்பெற்றவை, அவையும் வார்ப்பே. அவற்றின் மேல் சேந்தன் என்ற பெயர் படிக்கப்பட்டதால் அவை பிழைத்தன. இலங்கையின் தென்கரையில் அக்குறுகொடவிலும் எழுத்துப் பொறித்த ஈயக் காசுகள் வந்தன. இரண்டு இடத்துக்கும் நடுவே வலை கட்டுகிற இத்தனை நீளக் கரை கிடக்கிறது. எத்தனை தலைமுறையாக எத்தனை சட்டி ஈயம் உருகியிருக்கும்? செம்புக்கும் இதே கதி. 1888இல் திருநெல்வேலிக் காசுகளைப் பற்றி எழுதிய டேனிஷ் பாதிரியார் லோவெந்தாலும், அவரை அடுத்து எழுதிய டஃப்னெல்லும் தங்கள் சேகரத்தைக் கடைவீதியிலும் கன்னார் பட்டறையிலும்தான் தேடினார்கள். உருக்கும் சட்டிக்கு ஒரு நாள் முந்திப் போனவருக்குக் காசு கிடைத்தது. நம் நாணயவியலின் மூலச் சேகரங்களில் ஒரு பகுதி இப்படிச் சட்டியிலிருந்து தப்பி வந்ததுதான். தப்பியதை வைத்துப் புழங்கியதை எழுதுகிறோம்.

*

ஏணிக்காரர்களுக்கு இன்னொரு சங்கடம் ஆதிச்சநல்லூர். அலெக்சாண்டர் ரீ 1899 தொடங்கித் தோண்டி எடுத்த வெண்கலச் சாமான்களைச் சென்னை அருங்காட்சியகத்தில் பார்த்தவர்கள் மூடிகளின் மேல் நிற்கும் எருமையையும் பறவையையும் மறக்க மாட்டார்கள். தாமிரபரணிக் கரையில், கொற்கைக்கு நடந்து போகிற தூரத்தில், வெண்கலத்தை இவ்வளவு நுணுக்கமாகக் கையாளத் தெரிந்திருக்கிறது. கைத்திறன் இருந்தால் அடுத்த படி தானே வரும் என்றால், பாண்டிய நாட்டில் வார்த்த வெண்கலக் காசு பெருகி இருக்க வேண்டும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வந்தவை வெள்ளி முத்திரைக் காசுகள். போடிநாயக்கனூர்ப் புதையலில் ஒரே வகையாக ஆயிரத்துக்கும் மேற்பட்டவை, பின்புறத்தில் கோட்டுருவ மீன். பிறகு சதுரச் செப்புக் காசுகள், ஒரு பக்கம் யானை, மறுபக்கம் அதே கோட்டுருவ மீன்; அச்சால் அடித்தவை. ஆக, தெரியாததால் செய்யவில்லை என்பது பதிலாகாது. தேவை எப்படிப்பட்டதாக இருந்தது என்று கேட்க வேண்டும்.

சங்கப் பாட்டுகளில் நெய்தல் பக்கம் போனால் காசின் சத்தம் அநேகமாகக் கேட்பதில்லை. உப்புக்கு நெல், சரிக்குச் சரி என்று விலை கூவுகிற பெண்கள் அகநானூற்றில் வருகிறார்கள். குறுந்தொகை 269இல் சுறா எறிந்த புண் ஆறிய அப்பன் மறுபடி கடலுக்குப் போய்விட்டான், தாய் உப்புக்கு நெல் மாற்றப் போயிருக்கிறாள், வீடு காலி, இதுதான் நேரம் என்று காதலனுக்குச் சேதி போகிறது. அந்தக் குடும்பத்தின் முழு வரவு செலவும் இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. காசுக்கு அதில் இடமே இல்லை. அப்படியென்றால் 'காசு' என்ற சொல் எங்கே வருகிறது? குறுந்தொகை 67இல் கிளி தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைப் பற்றியிருக்கிறது. பொற்கொல்லன் கூர் நகத்தில் ஒரு காசைப் பிடித்துப் புது நூலில் கோர்ப்பதைப் போல. நற்றிணை 274இல் மான் உரசிக் குமிழ மரத்திலிருந்து உதிரும் பழங்கள் பொற்காசுகளைப் போலக் கிடக்கின்றன. நூலில் கோர்ப்பதும் இடுப்பில் அணிவதுமான வில்லை அது. (யாப்பில் வெண்பாவை முடிக்கவும் ஒரு காசு வேண்டும் என்பது தமிழாசிரியர்களிடம் உதை வாங்கியவர்களுக்கு நினைவிருக்கும்.)

இதைச் சொன்னால், 'பார்த்தீர்களா, பண்டமாற்றுக் கட்டம்!' என்று ஏணிக்காரர் மறுபடி ஏறுவார். அதுவும் இல்லை. பண்டமாற்று மட்டுமே நடந்த ஒரு பொருளாதாரத்தை இதுவரை யாரும் கண்டு விவரித்ததில்லை என்று கரோலின் ஹம்ஃப்ரி 1985இல் எழுதினார். 2011இல் டேவிட் கிரேபர் அதைப் பெரிய நூலாக விரித்தார்: முன்னால் இருந்தது கடன், கணக்கு, நம்பிக்கை; காசு வந்தது போர்வீரனுக்குக் கூலி கொடுக்கவும் வரியாக அதையே திரும்ப வாங்கவும். நமக்கு இது புதிய செய்தியாக இருந்திருக்க வேண்டியதில்லை. 'குறியெதிர்ப்பை' என்று ஒரு சொல் இங்கே இருக்கிறது. அளவு குறித்து வாங்கி, அதே அளவில் திருப்பித் தருவது. புறநானூறு 163இல் குமணனிடம் பரிசில் வாங்கி வந்த பெருஞ்சித்திரனார், பஞ்ச காலத்தில் நமக்குக் குறியெதிர்ப்பையாகத் தந்தவர்களுக்கும் கொடு என்று மனைவியிடம் சொல்கிறார். வள்ளுவரோ ஏழைக்குக் கொடுப்பது மட்டுமே ஈகை, மற்றதெல்லாம் குறியெதிர்ப்பை என்று தள்ளிவிடுகிறார். பக்கத்து வீட்டில் உழக்கு அரிசி கடன் வாங்குகிற அந்த உறவுக்குப் பெயர் வைத்து, ஒழுக்கம் வகுத்து, அதில் எது உயர்ந்தது என்று சண்டையும் போட்டிருக்கிறார்கள். பணக் கோட்பாடு பேசுகிற நம் கட்டுரைகளில் இந்தச் சொல்லைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. மாட்டைப் பிடித்துக்கொண்டு இதை விட்டுவிட்டோம்.

இதில் நம் மார்க்சியர்களுக்கும் பங்கு உண்டு. கைலாசபதி பர்மிங்காமில் ஜார்ஜ் தாம்சனிடம் படித்தவர். தாம்சனுடைய 1955ஆம் ஆண்டு நூலின் மையக் கருத்து, நாணயம் வந்தபிறகே கிரேக்கத்தில் அருவச் சிந்தனை சாத்தியமாயிற்று என்பது. எல்லாப் பண்டத்தையும் ஒரே அளவுகோலில் அளக்கிற பழக்கம்தான் மாறாத ஒன்றைப் பற்றிய தத்துவமானது என்பது. கவர்ச்சியான வாதம், நான் அதில் சில வருடம் மூழ்கிக் கிடந்திருக்கிறேன். ஆனால் அது அடித்த காசின் வாதம். லிடியாவிலும் அயோனியாவிலும் தொடங்கி ஒரே கோட்டில் போவது. இரண்டாயிரம் ஆண்டு வார்த்துக்கொண்டே இருந்த சீனரின் சிந்தனையை அதில் எங்கே வைப்பது? திணைகளின் ஏற்றத்தாழ்வான வளர்ச்சியை 1974இல் எழுதிய சிவத்தம்பி இந்த ஒற்றைக் கோட்டை ஓரளவு உடைத்தார். ஒரே காலத்தில் பல பொருளாதாரங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்க முடியும் என்பதற்கு அங்கே இடமிருந்தது. நாணயவியல் பக்கத்தில் அது எடுத்துக்கொள்ளப்படவே இல்லை.

காசு யாருடைய கைக்கு வந்தது என்ற கேள்வியை இந்தக் கரையில் விட்டு ஓட முடியாது. முதலாம் நூற்றாண்டின் 'பெரிப்ளூஸ்' முசிறிப் பக்கத்துக்கு வந்த சரக்குகளைச் சொல்லும்போது ஏராளமான நாணயத்தையும் அதோடு செம்பு, தகரம், ஈயத்தையும் சேர்த்தே சொல்கிறது. அதே நூல் கொற்கைக்கு வந்ததும், பாண்டியனின் முத்துக்குளிப்பில் இறங்குபவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்கிறது. முத்து வாங்கியவன் பொன் கொடுத்தான். மூச்சைப் பிடித்து அதை எடுத்தவனுக்குக் கொடுக்கக் காசு தேவைப்படவில்லை. சதுரச் செப்புக்காசில் யானையும் மீனும் இருப்பதைப் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. அந்த மீனைப் பிடித்தவன் அந்தக் காசைத் தொட்டானா என்று எந்தக் கட்டுரையிலும் நான் பார்க்கவில்லை.

வைகை முகத்தில் அழகன்குளம். 1986-87இல் மாநிலத் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கி, விட்டுவிட்டு 2016-17 வரை பல பருவம் தோண்டியது. ஓட்டில் கீறிய கப்பல், பிராமி எழுத்து, சுழல் கோட்டு ஓடுகள், ரோமக் காசுகள். எல்லோரும் கப்பலையே பிடித்துக்கொண்டார்கள். தப்பில்லை, நல்ல கப்பல். காசுகளில் சில இரண்டாம் வாலண்டினியன் காலத்தவை, அதாவது கி.பி. நான்காம் நூற்றாண்டின் கடைசி. பொன்னும் வெள்ளியும் இல்லை, சுண்டு விரல் நகத்தளவு வெண்கலம். ரோமில் சில்லறைக்குப் புழங்கிய காசு. இதே மாதிரிச் சில்லறை மதுரை, கரூர் பக்கமும் கிடைக்கிறது, இலங்கையில் ஆயிரக்கணக்கில். அங்கே அதைப் பார்த்து உள்ளூரிலேயே போலி செய்து புழக்கத்தில் விட்டிருக்கிறார்கள். 'போலி' என்று நான் எழுதுவதுகூட அரசனின் பக்கம் நின்று எழுதுவதுதான். சீசரின் தலை சரியாக விழுந்ததா என்பது சீசரின் கவலை. சந்தையில் மீன் வாங்குகிறவளுக்குக் கையில் சில்லறை வேண்டும்.

பாக் நீரிணையின் அந்தப் பக்கம் கந்தரோடை, மாந்தை முதலிய இடங்களில் கிடைக்கும் 'லட்சுமித் தகடு'களும் இந்தச் சங்கடத்தைச் சேர்ந்தவை. நீள்சதுரம், ஒரு புறம் தாமரையில் நிற்கும் பெண்ணுருவம். பால் பீரிஸ் 1917, 1919 கட்டுரைகளில் கந்தரோடைக் கண்டெடுப்புகளை விவரித்தார். காட்ரிங்டன் 1924இல் இலங்கைக் காசுகள் பற்றிய நூலில் இவற்றை வகைப்படுத்தினார். அடித்தவையும் உண்டு, வார்த்தவையும் உண்டு. காசா, நேர்த்திக்கடன் பொருளா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. இந்தச் சண்டையே எனக்கு விசித்திரமாக இருக்கிறது. இராமேசுவரம் அக்னி தீர்த்தத்தில் யாத்ரீகர்கள் எறிகிற காசை அரித்தெடுத்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எறிகிற கணத்தில் அது காணிக்கை. அரிப்பவன் கைக்கு வந்ததும் காசு. சாயங்காலம் டீக்கடையில் அதுவே கல்லாவில். ஒரே வில்லை ஒரே நாளில் இரண்டாகவும் இருக்க முடியும் என்பது அந்தக் கரையில் நிற்பவனுக்கு ஆராய்ச்சி தேவைப்படாத விஷயம். 'சேது' என்று தமிழில் பொறித்த யாழ்ப்பாண அரசர்களின் செப்புக்காசு பற்றி ஞானப்பிரகாசர், இராசநாயகம் காலத்திலிருந்து எவ்வளவோ எழுதப்பட்டுவிட்டது. அதில் எழுத்து இருக்கிறது, ஆகவே அதற்கு வக்கீல்களும் இருக்கிறார்கள்.

எழுத்து. கடைசியில் எல்லாம் அங்கேதான் போய் நிற்கிறது. 1980களின் நடுவில் இரா. கிருஷ்ணமூர்த்தி 'பெருவழுதி' என்று பிராமியில் பொறித்த செப்புக்காசை வெளியிட்டது பெரிய காரியம். சங்க மன்னர்கள் தங்கள் பெயரில் காசு வெளியிட்டதற்கு அதுவரை உறுதியான சான்று இல்லை. அந்த ஒரு காசு வாதத்தையே மாற்றிவிட்டது. பின்னால் மாக்கோதை, குட்டுவன் கோதை, கொல்லிப்பொறை என்று வரிசையாக வந்தன. இதில் எனக்குக் குறையில்லை, சந்தோஷமே. குறை, அதற்குப் பிறகு நடந்ததில். பெயருள்ள காசு கிடைக்கும் என்று தெரிந்ததும் அமராவதி மணலை அரித்தவர்களுக்கும் வாங்கியவர்களுக்கும் பெயர் மட்டுமே விலையானது. பெயரில்லாதது தேய்ந்தது, சிதைந்தது, 'அடையாளம் காண இயலாதது' என்று டப்பாவில் போயிற்று. எழுத்தை மையமாக்கிய ஒரு பண்பாடு தன் காசையும் ஏடு போலவே வாசிக்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கையை வெளியிட்டு, சிவகளையின் காலத்தைக் கி.மு. நான்காம் ஆயிரத்துக்குக் கொண்டு போனதிலிருந்து, காசு விஷயத்திலும் 'யார் முந்தி' என்ற போட்டி சூடு பிடித்திருக்கிறது. கீழே இருந்தவர்களை மேலே ஏற்ற வேண்டும் என்ற நியாயமான ஆத்திரம் அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஏற வேண்டியது அவர்கள் செய்து வைத்த ஏணியில்தானா?

வேறு வழி இருந்தது. கோசம்பி 1940களில் தட்சசீலத்துப் புதையல்களின் முத்திரைக் காசுகளை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தார். கைமாறக் கைமாறக் காசு தேய்கிறது. தேய்மானத்தை அளந்தால் எவ்வளவு காலம் எவ்வளவு வேகமாகப் புழங்கியது என்று கணக்கிடலாம். ஒரு அரசனின் பெயரும் தேவைப்படாத வரலாறு அது. தொட்ட கைகளின் வரலாறு. நம்மூர்க் காசுகளுக்கு அதைச் செய்ய என்ன தடை? காசு நூல்களில் முன்புறம், பின்புறம், எழுத்து, அரசன் என்ற கட்டங்கள் இருக்கும். பல சமயம் எடையும் இருக்கும். விளிம்பில் உருக்கு ஓடிய காம்பின் தழும்பு இருக்கிறதா, அராவப்பட்டதா, அடிக்கும்போது வெடித்ததா, பிறகு யாராவது உளியால் வெட்டிப் பார்த்தார்களா என்பதற்குப் பெரும்பாலும் கட்டமே இல்லை. தென்னிந்தியாவில் கிடைத்த ரோமக் காசுகளில் சீசரின் முகத்தில் உளி வெட்டு இருப்பதை மட்டும் நிறைய எழுதியிருக்கிறார்கள். அது சீசரின் முகம் அல்லவா.

முத்துக்குளிப்பைப் பாதியில் விட்டுவிட்டேன். கைதிகளுக்குப் பதிலாகக் கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் மரைக்காயர், பரவர் என்று ஆட்கள் இறங்கிய பிரிட்டிஷ் காலத்திலும், மன்னார் வளைகுடாவில் அவர்களுக்குக் கூலி காசாக வரவில்லை. எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு அவர்களுக்கு, மீதி சர்க்காருக்கு. இலங்கைக் கரையில் மரிச்சுக்கட்டியில் ஓலைக் கொட்டகைகளால் ஒரு ஊரே எழும்பும். 1905ஆம் வருடக் குளிப்பில் மட்டும் எட்டுக் கோடிச் சிப்பிக்கு மேல் எடுத்தார்கள். சர்க்கார் பங்கு ஏலத்தில் ரூபாயாக மாறியது. குளித்தவன் தன் பங்கைத் திறக்காமலே, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே, கரையில் காத்திருந்தவர்களிடம் சில்லறைக்கு விற்றான். அன்றைக்கு அவன் கையில் விழுந்த அந்தச் சில்லறையில் எட்டாம் எட்வர்டுக்கு முந்திய ஏழாம் எட்வர்டின் தலை இருந்தது என்பது எந்த நாணயப் பட்டியலைப் புரட்டினாலும் கிடைக்கும்.